பர்ஸோடு போனது கிரீன் கார்டு: அப்பா எப்படித் திரும்பிப் போவார்?

கேள்வி: எங்கள் ஊர் குடியாத்தம். அப்பாவுக்கு 71 வயது. கைலி வியாபாரத்தை விட்ட பிறகு நியூஜெர்சியில் அண்ணனோடு இருக்கிறார். கிரீன் கார்டு வாங்கி எட்டு வருடம் ஆகிறது. போன ஆகஸ்டில் என் மகள் நிச்சயதார்த்தத்துக்கு வந்தவர், டிசம்பரில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்துவிட்டது. வேலூர் சி.எம்.சி.யில் ஆபரேஷன் ஆகி இப்போதுதான் நன்றாக நடக்கிறார். மே மாதம் கெங்கையம்மன் சிரசுத் திருவிழாக் கூட்டத்தில் அவர் பர்ஸ் போய்விட்டது. ஆதாரும் கிரீன் கார்டும் அதில்தான் இருந்தன. பாஸ்போர்ட் வீட்டில் இருக்கிறது. காவல் நிலையத்தில் “அமெரிக்கா அட்டைக்கு நாங்கள் எப்படி எழுதித் தருவது?” என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். டூப்ளிகேட் கார்டுக்கு அங்கிருந்தே விண்ணப்பிக்கிறேன் என்கிறார் அண்ணன். தெரிந்தவர் ஒருவர் 60,000 ரூபாய் கொடுத்தால் கார்டு வாங்கித் தருவதாகச் சொல்கிறார். அப்பாவின் பழைய விசிட்டர் விசாவில் இன்னும் தேதி இருக்கிறது, அதில் போய்விடலாமா என்றும் வீட்டில் பேச்சு. அப்பாவுக்குப் பிறப்புச் சான்றிதழ் கிடையாது. பள்ளி டி.சி.யில் வட ஆர்க்காடு மாவட்டம் என்றும் பாஸ்போர்ட்டில் வேலூர் என்றும் இருக்கிறது. நாங்கள் என்னென்ன காகிதங்களைச் சேர்க்க வேண்டும்? இன்னொன்று: ஆம்பூரில் இருக்கும் அண்ணியின் அம்மா மார்ச்சில் வந்தார். அவர் கார்டு கையில் இருக்கிறது, ஆனால் ஏப்ரலில் தேதி முடிந்துவிட்டது. அவர் என்ன செய்வது?

பதில்: அன்புச் சகோதரிக்கு,

அப்பா இந்நேரம் தன்னைத்தானே திட்டிக்கொண்டு சாப்பிடாமல் உட்கார்ந்திருப்பார் என்று நினைக்கிறேன். முதலில் அவரிடம் இதைச் சொல்லுங்கள்: போனது அட்டை மட்டும்தான். அமெரிக்காவில் நிரந்தரமாக வாழ அவருக்குக் கொடுத்த உரிமை அவர் பெயரில் அப்படியே இருக்கிறது. பட்டா தொலைந்துபோனால் நிலம் போய்விட்டதென்று யாரும் நினைப்பதில்லை, நகல் வாங்கத்தான் அலைகிறோம். இதுவும் அதே மாதிரிதான்.

அந்த உரிமைக்கு ஆபத்து வேறு பக்கத்திலிருந்து வருகிறது. அவர் போன ஆகஸ்டில் வந்தவர். அமெரிக்காவை விட்டுக் கிளம்பி ஒரு வருடத்துக்குள் திரும்புகிறவருக்கு ஒரு வழி, அதைத் தாண்டியவருக்கு வேறு வழி. இரண்டாவது மிகவும் கடினமானது. ஒரு வருடம் தாண்டிவிட்டால் ‘திரும்பும் குடியிருப்பாளர்’ என்ற விசாவுக்கு டி.எஸ்.-117 படிவம் போட வேண்டும். திரும்பும் எண்ணத்தோடுதான் கிளம்பினேன், என் கையில் இல்லாத காரணத்தால் தங்க நேர்ந்தது என்று அதிகாரியை நம்ப வைக்க வேண்டும். அந்த நிலைக்குப் போக விடாதீர்கள். ஆகஸ்டில் அவர் எந்தத் தேதியில் விமானம் ஏறினார் என்று இன்றைக்கே பார்த்து, அதற்கு ஓரிரு வாரம் முன்பாகவாவது அவர் அங்கே இறங்கிவிடும்படி மற்ற எல்லாவற்றையும் திட்டமிடுங்கள்.

அண்ணன் நல்ல மனதோடுதான் சொல்கிறார், ஆனால் அந்த வழி இப்போது உதவாது. புது அட்டைக்கான விண்ணப்பம் ஐ-90. அது அமெரிக்காவுக்குள் இருந்துகொண்டு போடுகிற படிவம். கைரேகை, புகைப்படம் எடுக்க அங்கேதான் கூப்பிடுவார்கள். அப்பா குடியாத்தத்தில் இருக்கும்போது அண்ணன் அவர் பெயரில் அதைப் போட்டால் பணமும் மாதங்களும் வீணாகும். ஐ-90 பிறகு வரும், அவர் அங்கே போய்ச் சேர்ந்த பிறகு.

இப்போது உங்களுக்கு வேண்டியது ஐ-131ஏ. வெளிநாட்டில் இருக்கும்போது கிரீன் கார்டு தொலைந்த, திருடுபோன, சேதமான ஆட்களுக்காகவே இருக்கிற படிவம் அது. அமெரிக்கத் தூதரகத்தில் நேரில் கொடுத்தால், சரிபார்த்துவிட்டு பாஸ்போர்ட்டில் ஒரு ஸ்டிக்கர் ஒட்டித் தருவார்கள். போர்டிங் ஃபாயில் என்று பெயர். உரிய ஆவணம் இல்லாத பயணியை ஏற்றிச் சென்றால் அமெரிக்க அரசு விமான நிறுவனத்துக்கு அபராதம் போடும். அதனால்தான் கிரீன் கார்டின் ஜெராக்ஸைக் காட்டினால் கவுண்டரில் ஏற்ற மாட்டார்கள். அந்த ஸ்டிக்கர் இருந்தால் ஏற்றுவார்கள். ஒரே ஒரு பயணத்துக்குத்தான் அது செல்லும், பெரும்பாலும் 30 நாள்தான் கெடு. எனவே அதை மிகவும் முன்னதாக வாங்கி வைப்பதிலும் பயனில்லை.

சரி, காகிதங்களுக்கு வருவோம். உங்களைப் போன்ற குடும்பங்கள் பீரோவில் இருக்கிற எல்லாவற்றையும் பையில் போட்டுக்கொண்டு வருவதைப் பார்த்திருக்கிறேன். ரேஷன் கார்டு, வில்லங்கச் சான்று, பேத்தி மார்க் ஷீட் வரை இருக்கும். அத்தனையும் வேண்டாம். தூதரக அதிகாரிக்குத் தெரிய வேண்டியவை மூன்று: இவர் யார், இவர் உண்மையிலேயே நிரந்தரக் குடியிருப்பாளரா, எப்போது அமெரிக்காவை விட்டுக் கிளம்பினார். இந்த மூன்றுக்கும் தெளிவான சாட்சி இருந்தால் போதும்.

முதல் கேள்விக்கு அவர் பாஸ்போர்ட் பதில் சொல்லிவிடும். செல்லுபடி தேதியை மட்டும் பாருங்கள்.

இரண்டாவதுதான் உழைப்பைக் கேட்கிற இடம். அட்டையின் இரண்டு பக்கமும் தெரியும் நகல் இருந்தால் மிகவும் நல்லது. இல்லை என்று சொல்லிவிடுவதற்கு முன் நன்றாகத் தேடுங்கள். போன வருடம் டிக்கெட் போட்டபோது ஏஜென்டுக்கு வாட்ஸ்அப்பில் அட்டையைப் படம் எடுத்து அனுப்பியிருக்கலாம். அண்ணனின் ஈமெயிலில், அவருக்கு வரிக் கணக்கு பார்ப்பவரிடத்தில், அப்பா அங்கே வங்கிக் கணக்கு திறந்த சமயத்தில் கொடுத்த காகிதங்களில் கிடைக்கலாம். அடுத்து, அவர் முதன்முதலில் குடியேறிப் போன சமயத்துப் பழைய பாஸ்போர்ட்டைத் தேடி எடுங்கள். மூலை வெட்டிக் கொடுத்திருப்பார்கள், அதனால் பலர் அதைச் செல்லாக்காசு என்று எங்கேயோ போட்டுவிடுகிறார்கள். அதில்தான் குடியேறும் விசா ஒட்டிய பக்கமும், அதன்மேல் அமெரிக்க விமான நிலையத்தில் குத்திய முத்திரையும் இருக்கும். அவர் சட்டப்படி நிரந்தரக் குடியிருப்பாளராக உள்ளே விடப்பட்டவர் என்பதற்கு அதைவிட நேரடியான சான்று உங்கள் வீட்டில் வேறு கிடையாது. அந்த விசாவிலேயே ‘ஏ’ என்ற எழுத்தோடு தொடங்கும் ஒரு எண் இருக்கும். அமெரிக்கக் குடியேற்றத் துறையில் அப்பாவின் கோப்பு அந்த எண்ணில்தான் கிடக்கிறது. அட்டை நகல் கடைசிவரை கிடைக்காமல் போனாலும், அந்த எண் கையில் இருந்தால் அதிகாரிகள் தங்கள் பதிவில் பார்த்துச் சரிபார்க்க முடியும். அண்ணனிடம் குடியேற்றத் துறையிலிருந்து வந்த பழைய கடிதங்கள் இருந்தால் அவற்றின் நகலையும் வாங்குங்கள், அவற்றிலும் இந்த எண் இருக்கும்.

மூன்றாவது கேள்வி, கிளம்பிய தேதி. அமெரிக்காவிலிருந்து வெளியேறும்போது பாஸ்போர்ட்டில் முத்திரை குத்த மாட்டார்கள். அதனால் நம் ஊரில் இறங்கியபோது சென்னையிலோ பெங்களூருவிலோ குத்திய வருகை முத்திரைதான் கைகொடுக்கும். அந்தப் பக்கத்தை நகலெடுங்கள். கூடவே அண்ணனின் ஈமெயிலில் இருக்கும் இ-டிக்கெட்டையும் போர்டிங் பாஸ் இருந்தால் அதையும் வையுங்கள். முத்திரைத் தேதியும் டிக்கெட் தேதியும் ஒரு நாள், இரண்டு நாள் வித்தியாசத்தில் பொருந்தினால் இந்தக் கேள்வி முடிந்தது.

காவல் நிலைய விஷயத்தை விட்டுவிடாதீர்கள். அட்டை தொலைந்தது அல்லது திருடுபோனது என்பதற்குக் காவல்துறை அறிக்கை கேட்பார்கள். நீங்கள் முதல் முறை போனபோது ‘கிரீன் கார்டு தொலைந்துவிட்டது’ என்று அந்த ஒன்றை மட்டும் சொல்லியிருப்பீர்கள் என்று தோன்றுகிறது. இந்த முறை எழுத்தில் புகார் கொண்டு போங்கள். எந்தத் தேதி, எத்தனை மணி வாக்கில், எந்தத் தெருவில் பர்ஸ் காணாமல் போனது, உள்ளே எவ்வளவு பணம், ஆதார் அட்டை, அமெரிக்க அரசு வழங்கிய நிரந்தரக் குடியிருப்பாளர் அட்டை, அதன் எண் என்று வரிசையாக எழுதுங்கள். அட்டையை அமெரிக்கா கொடுத்திருந்தாலும் பர்ஸ் காணாமல் போனது குடியாத்தத்தில். அந்தப் புகாரை வாங்க வேண்டியது அந்த இடம் எந்தக் காவல் நிலையத்து எல்லைக்குள் வருகிறதோ அவர்கள்தான். புகாரைப் பெற்றதற்கு சி.எஸ்.ஆர். ரசீது கேளுங்கள். திருட்டு என்று வழக்குப் பதிந்தால் எஃப்.ஐ.ஆர். நகல் இலவசமாகத் தருவது அவர்கள் கடமை. மறுபடியும் மறுத்தால், புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173(4) பிரிவின்படி அதே புகாரை மாவட்ட எஸ்.பி.க்குப் தபாலில் அனுப்பலாம். தமிழ்நாடு காவல்துறையின் இணையதளத்தில் தொலைந்த ஆவணங்களுக்கான அறிக்கையைப் பதிவு செய்யும் வசதியும் உண்டு. ஆதார் போனதற்கு அதில் பதிந்துவிட்டு, கிரீன் கார்டுக்கு சி.எஸ்.ஆர். வாங்குவதில் உறுதியாக இருங்கள்.

புகாரில் ஒரு சொல்லைக் கவனமாகப் போட வேண்டும். யாரோ பர்ஸை உருவியது அப்பாவுக்கு நிச்சயமாகத் தெரிந்தால் ‘திருடுபோனது’ என்று எழுதுங்கள். கூட்டத்தில் எப்படிப் போனதென்று தெரியாவிட்டால் ‘கூட்டத்தில் காணாமல் போனது’ என்று எழுதுங்கள். ஐ-131ஏ-யிலும் அதே கதைதான் இருக்க வேண்டும். பின்னால் ஐ-90-இலும் அதேதான். காகிதத்துக்குக் காகிதம் கதை மாறினால், உண்மை சொல்கிற மனிதரும் பொய் சொல்கிறவராகத் தெரிவார்.

சி.எஸ்.ஆர். தமிழில்தான் இருக்கும். ஆங்கிலத்தில் இல்லாத எந்தக் காகிதத்துக்கும் முழு ஆங்கில மொழிபெயர்ப்பு இணைப்பது அமெரிக்கக் குடியேற்றத் துறையின் விதி. மொழிபெயர்த்தவர், எனக்கு இரண்டு மொழியும் தெரியும், இது முழுமையாகவும் சரியாகவும் இருக்கிறது என்று எழுதிப் பெயர், கையெழுத்து, தேதி போட வேண்டும். அதற்கு அரசு முத்திரையோ நோட்டரியோ தேவையில்லை. உங்கள் ஊரில் ஆங்கிலம் நன்றாகத் தெரிந்த ஆசிரியர் ஒருவர் செய்து கொடுக்கலாம். குடும்பத்து ஆளாக இல்லாமல் இருந்தால் நல்லது. சத்துவாச்சாரியில் கலெக்டர் ஆபீஸ் பக்கம் டைப் அடிக்கக் கொடுத்தீர்களானால், முத்திரையில் இருக்கிற எழுத்து, ஓரத்தில் கையால் எழுதிய எண் எதுவும் விட்டுப்போகாமல் நீங்களே கூட இருந்து சரிபாருங்கள்.

பெயர் விஷயத்திலும் நிதானம் வேண்டும். நம் பக்கத்துப் பெரியவர்களுக்கு ஒரே பெயரும் அப்பா பெயரின் முதல் எழுத்தும்தான். பாஸ்போர்ட்டில் இனிஷியலை விரித்து எழுதும்போது அது சிலருக்குக் குடும்பப் பெயர் இடத்தில் போகிறது, சிலருக்கு அந்த இடம் காலியாகவே இருக்கிறது. அப்படிக் காலியாக இருந்தால் அமெரிக்க விசாவில் அவருடைய ஒரே பெயர் குடும்பப் பெயராகிவிடும், முன்பெயர் இடத்தில் எஃப்.என்.யூ. என்று மூன்று எழுத்து வரும். முன்பெயர் தெரியவில்லை என்பதற்கான சுருக்கம் அது. அப்பாவுக்கு அப்படி இருந்தால் பயப்பட வேண்டாம், திருத்தவும் முயல வேண்டாம். தொலைந்த அட்டையில் பெயர் எப்படி இருந்ததோ, எழுத்துக்கு எழுத்து அப்படியே படிவத்தில் எழுதுங்கள்.

பிறப்புச் சான்றிதழ் பற்றிய கவலையை இன்றோடு விடுங்கள். தொலைந்த அட்டைக்கான இந்த வேலையில் அதைக் கேட்பதில்லை. அவர் பிறந்த தேதியும் ஊரும் எட்டு வருடத்துக்கு முன்பே பார்த்து முடித்த விஷயம். வட ஆர்க்காடா, வேலூரா என்ற குழப்பமும் வேண்டாம். 1989-இல் வட ஆர்க்காடு மாவட்டத்தைப் பிரித்துத் திருவண்ணாமலையைத் தனி மாவட்டமாக்கினார்கள். மீதி வட ஆர்க்காடு அம்பேத்கர் மாவட்டமானது, பிறகு வேலூர் மாவட்டம் என்ற பெயர் வந்தது. 2019-இல் அதிலிருந்து ராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் பிரிந்தன. அதனால் ஆம்பூர், வாணியம்பாடி, ஆற்காடு, வாலாஜா ஆட்கள் பலருக்கு ஒரே ஊர், டி.சி.யில் ஒரு மாவட்டம், பாஸ்போர்ட்டில் ஒரு மாவட்டம், புது ஆதாரில் இன்னொரு மாவட்டம். என்றைக்காவது ஒரு அதிகாரி கேட்டால், ஊர் அதேதான், மாவட்டத்தைப் பிரித்தார்கள் என்று அப்பா ஒரு வரியில் சொல்லிவிடலாம். டி.சி.யைத் திருத்துகிறேன் என்று பள்ளிக்கூடத்துக்கும் கல்வி அலுவலகத்துக்கும் அலைந்து, கையில் இருக்கிற வாரங்களைச் செலவழிக்காதீர்கள்.

புகைப்படம் இரண்டுக்கு இரண்டு அங்குலம், வெள்ளைப் பின்னணி, கண்ணாடி போடாமல். ஸ்டுடியோவில் அமெரிக்க விசா சைஸ் என்றால் தெரியும்.

இப்போது பணம். ஐ-131ஏ கட்டணம் 575 டாலர். அதை அமெரிக்கக் குடியேற்றத் துறையான யு.எஸ்.சி.ஐ.எஸ்.ஸின் இணையதளத்தில்தான் முன்கூட்டியே கட்ட வேண்டும். அண்ணன் அங்கிருந்தே கட்டலாம். அப்பாவின் பெயர், பிறந்த தேதி, ஏ எண் மூன்றையும் பிழையில்லாமல் போடச் சொல்லுங்கள். கட்டிய பணம் திரும்ப வராது, அதனால் ஒரு வருடக் கணக்கைச் சரிபார்த்த பிறகே கட்டுங்கள். கட்டணங்கள் அவ்வப்போது மாறும், கட்டுகிற நாளில் தளத்தில் என்ன போட்டிருக்கிறதோ அதுதான் கணக்கு. தளத்தின் முகவரி ‘ஜி-ஓ-வி’ என்று முடிகிறதா என்று பாருங்கள். படிவத்துக்குக் காசு கிடையாது, யார் வேண்டுமானாலும் இறக்கிக்கொள்ளலாம்.

அந்த 60,000 ரூபாய் மனிதருக்கு ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். கிரீன் கார்டை இந்தியாவில் யாராலும் ‘வாங்கித் தர’ முடியாது. அட்டை அமெரிக்காவில் அச்சாகி, அமெரிக்க முகவரிக்குத் தபாலில் போகிற பொருள். பணத்தைவிட எனக்குப் பெரிய பயம், அப்பாவின் ஏ எண்ணும் பாஸ்போர்ட் நகலும் அப்படிப்பட்டவர் கைக்குப் போவதுதான். ஏற்கெனவே வாட்ஸ்அப்பில் எதையாவது அனுப்பியிருந்தால் இனி அனுப்பாதீர்கள். படிவம் நிரப்ப உதவி வேண்டுமானால் அமெரிக்காவில் உரிமம் பெற்ற குடியேற்ற வழக்கறிஞரை அண்ணன் பார்க்கட்டும். அப்பாவுக்கு எட்டு மாதத்துக்கு மேல் வெளியே தங்கிய சிக்கலும் இருப்பதால் அந்தச் செலவு தகும்.

விசிட்டர் விசாவில் போவது என்ற யோசனையை இப்போதே கைவிடுங்கள். நிரந்தரக் குடியிருப்பாளர் ஒருவர், சும்மா பார்த்துவிட்டுப் போக வந்தேன் என்று நுழைந்தால், தன் வீடு அங்கே இல்லை என்று அவரே சொன்னதாக ஆகும். நீங்கள் காப்பாற்ற நினைக்கிற உரிமையை அதுவே கேள்விக்குள்ளாக்கிவிடும்.

உங்களுக்குப் பக்கத்துத் தூதரகம் சென்னை அண்ணா சாலையில் ஜெமினி மேம்பாலம் அருகே இருக்கும் அமெரிக்கத் துணைத் தூதரகம். இந்தப் படிவத்துக்கு எங்கே, எந்த வழியில் நேரம் வாங்க வேண்டும் என்று தூதரகத்தின் இணையதளத்தில் இருக்கும். பணம் கட்டிய ரசீது கைக்கு வந்தவுடன் அதைப் பார்த்து நேரம் கேளுங்கள். அப்பாவேதான் போக வேண்டும், அவருக்குப் பதிலாக நீங்கள் கொடுக்க முடியாது. உள்ளே செல்போன் கொண்டுபோகக் கூடாது, எனவே தேவையான எல்லாம் காகிதமாகக் கையில் இருக்கட்டும். இடுப்பு ஆபரேஷன் ஆனவர். காலையில் கிளம்பி அவசரமாகப் போவதைவிட முந்தின நாளே சென்னையில் உறவினர் வீட்டில் தங்கிவிடுவது அவர் உடம்புக்கு நல்லது. பயணத் திட்டமும் கேட்பார்கள், ஆனால் தேதி மாற்ற முடிகிற டிக்கெட்டாக எடுங்கள். தூதரகம் எத்தனை நாளில் பாஸ்போர்ட்டைத் திருப்பித் தரும் என்பது உங்கள் கையில் இல்லை.

டிக்கெட் போடும்போது வழியைப் பார்த்துப் போடுங்கள். லண்டன் வழியாகப் போகும் இந்தியப் பயணிக்கு, விமானம் மாறுவதற்கே விசா கேட்கிற விதிகள் உண்டு. கிரீன் கார்டு கையில் இருந்தால் அதிலிருந்து விலக்கு. அப்பாவிடம் இப்போது அட்டை இல்லை. துபாய், தோஹா, அபுதாபி வழியாகப் போனால் விமான நிலையத்துக்குள்ளேயே மாறிக்கொள்ளலாம், அந்தத் தொல்லை இல்லை. அபுதாபி என்றால் அமெரிக்கக் குடியேற்றச் சோதனையை அங்கேயே முடித்துவிடுவார்கள்.

அந்தச் சோதனையைப் பற்றி அப்பாவிடம் உட்கார்ந்து பேசுங்கள், ஏனென்றால் நான் மிகவும் கவலைப்படுகிற இடம் அதுதான். 180 நாளுக்கு மேல் தொடர்ந்து வெளியே இருந்துவிட்டுத் திரும்புகிற நிரந்தரக் குடியிருப்பாளரை, புதிதாக உள்ளே வர விண்ணப்பிக்கிறவராக நடத்தச் சட்டத்தில் இடம் இருக்கிறது. ஏன் இவ்வளவு நாள், உங்கள் வீடு எங்கே என்று கேட்பார்கள். உண்மையான பதில் அப்பாவிடம் இருக்கிறது: நிச்சயதார்த்தத்துக்கு வந்தேன், விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது, ஆபரேஷன் ஆனது, நடக்க முடிந்ததும் கிளம்பி வந்தேன். இதற்குச் சாட்சியாக சி.எம்.சி. டிஸ்சார்ஜ் சம்மரி, அதன்பின் டாக்டர் பார்த்த சீட்டுகள், பிசியோதெரபி சீட்டு எல்லாம் கைப்பையில் இருக்கட்டும். டிஸ்சார்ஜ் சம்மரி காணவில்லையென்றால் அவருடைய ஆஸ்பத்திரி எண்ணைச் சொல்லி நகல் கேளுங்கள். இப்போது எப்படி இருக்கிறார், எந்தத் தேதியிலிருந்து நீண்ட பயணம் போகலாம் என்று டாக்டரிடம் ஒரு கடிதமும் வாங்குங்கள். முதலில் எடுத்த ரிட்டர்ன் டிக்கெட்டை ரத்து செய்த ஈமெயில் இருந்தால் அதை அவசியம் அச்செடுங்கள். முன்னாலேயே திரும்ப நினைத்திருந்தார் என்பதை அது காட்டும். அங்கே வரிக் கணக்கு தாக்கல் செய்த நகல், நியூஜெர்சி அடையாள அட்டை, வங்கிக் கணக்கு அறிக்கை, இவற்றில் எது இருக்கிறதோ அண்ணன் அனுப்பட்டும்.

யாராவது அதிகாரி ஐ-407 என்ற படிவத்தை நீட்டிக் கையெழுத்துப் போடச் சொன்னால் அப்பா போடக் கூடாது. நிரந்தரமாக வாழும் உரிமையை நானாக விட்டுக்கொடுக்கிறேன் என்பதற்கான படிவம் அது. அதில் யாரையும் கட்டாயப்படுத்த முடியாது. அதிகாரிக்குச் சந்தேகம் இருந்தால் அதைக் குடியேற்ற நீதிபதி முன் வைக்கும்படி கேட்க அப்பாவுக்கு உரிமை உண்டு. ஆங்கிலம் தடுமாறினால் தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கேட்கலாம். படிவ எண்ணை ஒரு சீட்டில் பெரிய எழுத்தில் எழுதி அவர் சட்டைப் பையில் வையுங்கள். நம் பெரியவர்கள் சீருடை போட்டவர் சொன்னால் படிக்காமலே கையெழுத்துப் போட்டுவிடுவார்கள், அதனால்தான் இதை இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

அங்கே சேர்ந்ததும் அண்ணன் ஐ-90 போடலாம், காரணம் ‘தொலைந்தது’. 2024 ஏப்ரல் முதல் ஆன்லைனில் 415 டாலர், காகிதத்தில் போட்டால் 465. பாஸ்போர்ட் நகலும், கிடைத்தால் பழைய அட்டை நகலும் போதும். புது அட்டை வருவதற்கு முன் அவசரமாகச் சான்று வேண்டுமென்றால் குடியேற்றத் துறையின் தொலைபேசி மையத்தில் கேட்டு, பாஸ்போர்ட்டில் தற்காலிக முத்திரை வாங்கலாம். அமெரிக்காவில் 18 வயதுக்கு மேற்பட்டவர் அட்டையை எப்போதும் உடன் வைத்திருக்க வேண்டும் என்பது சட்டம். அந்தப் பழக்கத்தில்தான் அப்பா இங்கேயும் பர்ஸில் வைத்திருப்பார். நம் ஊரில் அப்படி வைத்திருக்கத் தேவையில்லை. அடுத்த முறை வரும்போது அட்டை பாஸ்போர்ட்டோடு பீரோவுக்குள் இருக்கட்டும்.

ஆம்பூர் அம்மாவின் விஷயம் இதைவிட எளிது. முதலில் அட்டையின் முன்பக்கத்தில் எந்தத் தேதியிலிருந்து குடியிருப்பாளர், எந்தத் தேதியில் அட்டை முடிகிறது என்ற இரண்டையும் பாருங்கள். பெற்றோராக வந்தவர்களுக்கு 10 வருட அட்டைதான் கொடுப்பார்கள். 10 வருட அட்டை என்றால், தேதி முடிந்திருந்தாலும் அதைக் காட்டி விமானம் ஏறலாம் என்று அமெரிக்க எல்லைப் பாதுகாப்புத் துறை விமான நிறுவனங்களுக்கே வழிகாட்டி கொடுத்திருக்கிறது. ஐ-131ஏ-க்குப் பணம் கட்ட வேண்டாம். ஆனால் கவுண்டரில் இருக்கிற பையனுக்கோ பெண்ணுக்கோ அந்த விதி தெரியாமல் போகலாம். அந்த வழிகாட்டியின் அந்தப் பக்கத்தை அச்செடுத்து, நேரத்தோடு விமான நிலையம் போகச் சொல்லுங்கள். அவர்கள் தயங்கினால் மேலாளரைக் கூப்பிடச் சொல்லட்டும்.

கணவர் இல்லாமலோ மகன் இல்லாமலோ தனியாக நின்று பேச அவருக்குக் கூச்சமாக இருந்தால், டிக்கெட் எடுத்தவுடனேயே விமான நிறுவனத்துக்கு அண்ணி ஈமெயில் போட்டு, ஏற்றுவோம் என்ற பதிலை எழுத்தில் வாங்கிக் கொடுக்கலாம். அவர் அங்கே போனதும் புதுப்பிப்பதற்கு ஐ-90 போட வேண்டும். அதற்கு முடிந்த அட்டையின் இரண்டு பக்க நகல் போதும். இடையில் பாஸ்போர்ட் புதுப்பித்தபோது பெயரில் கணவர் பெயர் சேர்ந்திருந்தால் பழைய பாஸ்போர்ட்டையும் கூடவே கொண்டுபோகட்டும். புதுப்பிக்க விண்ணப்பித்ததும் வரும் ரசீதுக் கடிதம், 2024 செப்டம்பரிலிருந்து, அட்டையில் உள்ள முடிவுத் தேதிக்கு மேல் 36 மாதம் செல்லும் என்று ஆக்கியிருக்கிறார்கள். அந்தக் கடிதத்தையும் முடிந்த அட்டையையும் ஒன்றாகவே வைத்திருக்கச் சொல்லுங்கள், தனித்தனியாகக் காட்டினால் செல்லாது. அட்டை முடிய ஆறு மாதம் இருக்கும்போதே புதுப்பிக்க விண்ணப்பிக்கலாம். உங்கள் சொந்தத்தில் இந்தக் கோடையில் ஊருக்கு வரப்போகிற மற்றவர்களும் டிக்கெட் எடுப்பதற்கு முன் தங்கள் அட்டைத் தேதியை ஒரு முறை பார்த்துக்கொள்ளட்டும்.